காலிக் கட்டங்கள்

எங்கள் சலவை ஆலையில் பாய்லர் ஓட்டுகிறவரை எல்லோரும் பாய்லர்காரர் என்றுதான் சொல்வோம். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருக்கும். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பும் ஓட்டல் விரிப்புமாக ஒரு நாளைக்கு நாலாயிரம் உருப்படி வந்து குவிகிற இடம் அது. அவர் நீராவி விட்டால்தான் துவைக்கிற டிரம் சுடும், என் ரோலரும் சுடும். நான் ரோலருக்கு ஈர விரிப்பு கொடுக்கிறவன். இந்தப் பக்கம் இரண்டு பேர் முனையைப் பிடித்து நுழைப்போம், அந்தப் பக்கம் இரண்டு பேர் காய்ந்து வருவதை வாங்கி மடிப்பார்கள். பதினேழு வருஷமாக நுழைத்து நுழைத்து விரல் ரேகை தேய்ந்துவிட்டது. "திருடப் போனா நீ மாட்டவே மாட்ட தம்பி" என்று அண்ணி கேலி செய்வாள்.

அண்ணி என்றது பாய்லர்காரரின் மனைவியை. அதே ஆலையில் தையல் பகுதியில், கிழிந்து வருகிற விரிப்புகளுக்கு ஒட்டுப்போடுகிறாள். வாய் ஓயாத மனுஷி. தையல் மிஷின் சத்தத்துக்கு மேலே அவள் சிரிப்புச் சத்தம் கேட்கும். அவர்கள் குடியிருப்பது கீழ்வீடு, நான் நேர் மேல்வீடு. நான் தனிக்கட்டை என்பதால் பாதி நாள் சாப்பாடு அங்கேதான். ஒரே மகள், கல்லூரியில் இரண்டாம் வருஷம். பத்தொன்பது வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான். ரத்த உறவு எதுவும் இல்லாவிட்டாலும் என்னைச் சித்தப்பா என்று கூப்பிடுவாள்.

பாப்பா குடிக்கிறாள் என்பது, மழை பிடித்துக்கொண்ட முதல் வாரத்தில் தெரிய வந்தது. குளிர் தாங்காமல் கம்பளிச் சட்டை எடுக்கலாம் என்று அண்ணி பரண்மேல் இருந்த பையை இறக்கியிருக்கிறாள். உள்ளே கம்பளிக்குள் சுற்றிப் பதினோரு பாட்டில். ஒன்பது காலி. அண்ணி முதலில் புருஷன்மேல்தான் பாய்ந்தாள். சத்தம் கேட்டு நான் இறங்கி வந்தபோது, அந்த மனுஷன் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, "இதோட மூடியை எப்படித் திறக்கறதுன்னுகூட எனக்குத் தெரியாதுடி" என்று சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தார். அறைக் கதவு திறந்தது. பாப்பா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பாவத் திட்டாதம்மா. என்னோடது அது."

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஐந்து வாரமாக அவள் வகுப்புக்கே போகவில்லை. காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வருவாளாம். மழையில் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாளாம். ஏன் என்று கேட்டால், "தெரியல. எதுவும் புடிக்கல. குடிச்சா அது தெரியாம இருக்கு" என்றாள். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. அதுதான் எங்களை ஆட்டிவிட்டது.

"கும்மாளத்துக்குக் குடிக்கிறவங்கள நான் பாத்திருக்கேன் தம்பி" என்றாள் அண்ணி என்னிடம். "இவ மருந்து குடிக்கிற மாதிரியில்ல மூக்கப் புடிச்சுக்கிட்டுக் குடிச்சிருக்கா."

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. பெண்பிள்ளை குடித்தாள் என்றதும் தையல் பகுதியில் இரண்டு பேர் அண்ணியிடம் பேச்சையே குறைத்துக்கொண்டார்கள். நல்லவேளை, கல்லூரியிலிருந்து வகுப்பு ஆசிரியை கூப்பிட்டார். இந்த மாதிரி மாணவர்களுக்கென்றே அங்கே ஓர் அம்மாள் இருக்கிறார், வாரம் ஒரு தடவை உட்கார்ந்து பேசுவார், ஏற்கனவே பலர் வந்து போகிறார்கள் என்றார். 'பலர்' என்ற சொல்லைக் கேட்டுத்தான் பாய்லர்காரருக்கு மூச்சே வந்தது.

அண்ணி அந்த அம்மாளுக்கு 'பேசுற டாக்டர்' என்று பேர் வைத்தாள். எனக்கு நம்பிக்கை இல்லை. பேச்சில் நோய் போகுமென்றால், எங்கள் சூப்பர்வைசர் பேசுகிற பேச்சுக்கு ஆலையில் ஒருத்தருக்கும் சளிகூடப் பிடிக்கக் கூடாது. இதைச் சொல்லிச் சிரிக்கவும் செய்தேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

முதல் நாள், பாப்பா சரி என்றதால், அரை மணி நேரம் அப்பா அம்மாவையும் உள்ளே விட்டார்களாம். விளையாட்டுச் சாமான் அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. நாலு நாற்காலி, ஒரு ஜன்னல். போய் வந்த பாய்லர்காரர் சொன்னார்: "பேருதான் பேசுற டாக்டர் தம்பி. அந்தம்மா பேசவே இல்ல. ஒரு கேள்வி கேட்டுட்டு சும்மா இருந்தாங்க. நாங்களும் சும்மா இருந்தோம். அப்புறம் பாத்தா பாப்பா பேசுது. எங்ககிட்ட ஒரு வருஷமா பேசாதத பேசுது. எனக்கு அங்கயே மேலெல்லாம் சிலிர்த்துப்போச்சு."

பாப்பாவுக்கு ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். ஏழு நாளுக்கு ஏழு பத்தி, பகல் முழுக்க மணிக்கு ஒரு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த நேரத்தில் என்ன செய்தாள், மனசு பத்துக்கு எத்தனை என்று எழுத வேண்டும். அடியில் ஒரு வரி: இன்றைக்கு எத்தனை கிளாஸ். அது பொய் இல்லாமல் இருந்தால் போதுமாம், நன்றாக இருக்க வேண்டியதில்லையாம். கூடவே வாரத்துக்கு ஒரு வேலை. முதல் வார வேலை, காலையில் எழுந்து முகம் கழுவுவது.

நான் அதற்கும் சிரித்தேன். சிரித்த வாய் அடுத்த புதன்கிழமையே மூடிக்கொண்டது. காலை ஷிப்டுக்குப் படி இறங்கி வருகிறேன். பின்பக்கக் குழாயடியில் பாப்பா நின்றுகொண்டிருக்கிறாள். கை குழாய்மேல் இருக்கிறது, திருப்பவில்லை. சாரல் அடிக்கிறது, அவள் நகரவில்லை. நான் படியிலேயே நின்றுவிட்டேன். ஐந்து நிமிஷம் இருக்கும். பிறகு குழாயைத் திருப்பினாள். இரண்டு கையிலும் தண்ணீரைப் பிடித்து முகத்தில் அடித்துக்கொண்டாள். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள். ஒரு குழாயைத் திருப்ப ஒருத்தி இத்தனை பாடுபடுவாள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. நாலாயிரம் விரிப்பு இழுக்கிற கைக்கும் அந்த வலு கிடையாது.

மூன்று வாரம் தாளும் நடந்தது, முகமும் கழுவினாள். எண்ணெல்லாம் இரண்டு, மூன்று என்றுதான் இருந்தது. அடிவரியில் நாலு கிளாஸ், மூன்று கிளாஸ் என்று இறங்கியது. ஆனாலும் எழுதினாள். நாலாவது வாரம் பரீட்சைத் தேதி ஒட்டினார்கள். அதோடு படுத்தவள்தான். திங்கள் முதல் புதன் வரை தாளில் ஒரு கட்டம்கூட நிரம்பவில்லை. வியாழன் காலை பதினோரு மணிக்கு அந்த அம்மாளைப் பார்க்கப் போக வேண்டும்.

இங்கேதான் பாய்லர்காரர் ஒரு காரியம் செய்தார். அதைச் சொல்ல, எங்கள் ஆலை வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பாய்லர் அறையில் ஒரு பெரிய நோட்டு உண்டு. மணிக்கு ஒருதரம் நீராவி அழுத்தம், தண்ணீர் மட்டம், புகைபோக்கிச் சூடு எல்லாம் எழுத வேண்டும். சாப்பிடப் போனாலோ, பம்பு மக்கர் பண்ணினாலோ சில மணி விட்டுப்போகும். விட்டுப்போன கட்டத்தைச் சோதனைக்காரர் பார்த்தால் உடனே மெமோ. தப்பான எண்ணுக்கு மெமோ கிடையாது, காலிக் கட்டத்துக்குத்தான் மெமோ. அதனால் ஷிப்டு முடிகிறபோது பழைய எண்ணைப் பார்த்து எழுதி நிரப்பிவிடுவார்கள். இதற்கு எங்கள் பாஷையில் 'கட்டம் அடைக்கிறது' என்று பேர். பாய்லர்காரர் இருபத்தாறு வருஷமாகக் கட்டம் அடைக்கிறவர். அதில் கைதேர்ந்தவர். எல்லாம் ஒரே எண்ணாக எழுத மாட்டார், சந்தேகம் வரும். நடுவில் ஒன்று ஏற்றி ஒன்று இறக்கி எழுதுவார்.

மகளுடைய மேஜைமேல் அந்தத் தாளைப் பார்த்திருக்கிறார். மூன்று நாள் காலிக் கட்டம். அவர் கண்ணுக்கு அது மகளுக்கு வரப்போகிற மெமோ. பென்சிலை எடுத்து அடைத்துவிட்டார். 'நூலகம், ஆறு.' 'நடை, ஐந்து.' 'படிப்பு, ஆறு.' நடுவில் நம்பும்படியாக ஒரு நாலு. அடிவரியில் ஒன்று, பூஜ்யம், பூஜ்யம். எழுத்துகூட அவள் எழுத்து மாதிரியே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இவர் மறைத்துவிட்டார்.

பாப்பா தாளை எடுத்துப்போய்க் கொடுத்தாள். மத்தியானம் வீட்டுக்கு வந்து, "இனிமே ரெண்டு வாரத்துக்கு ஒருதடவ வந்தாப் போதுமாம். நல்லா இருக்கேனாம்" என்றாள். பாய்லர்காரர் ஆலைக்கு வந்து எங்கள் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். நானும் வாங்கிக் குடித்தேன்.

அடுத்த எட்டு நாள் அந்த வீட்டில் பாப்பா இருக்கிறாளா என்றே தெரியவில்லை. அறைக் கதவு சாத்தியே கிடந்தது. தட்டில் வைத்த ரொட்டி வறண்டு திரும்பி வந்தது. பின்பக்கக் குழாயடி ஈரமே படவில்லை. கேட்டால், "நல்லாத்தான் இருக்கேன்" என்பாள். பாய்லர்காரரும் அதை நம்பினார். தான் எழுதிய எண்ணைத் தானே நம்புகிற ஆளை நான் அப்போதுதான் பார்த்தேன்.

ஒரு பகல், மழை கொட்டுகிறது. மூன்று ஆஸ்பத்திரி வண்டி ஒன்றாக வந்து நிற்கிறது. ரோலரில் விரிப்பு காயாமல் ஈரமாகவே வெளியே வர ஆரம்பித்தது. நீராவி நின்றுவிட்டது. சூப்பர்வைசர் கத்திக்கொண்டே பாய்லர் அறைக்கு ஓடினார், பின்னால் நானும் ஓடினேன். பாய்லர்காரர் நெருப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"எவனக் கேட்டு நிறுத்தின? தண்ணிதான் பாதிக் கண்ணாடி நிக்குதே" என்று சூப்பர்வைசர் காட்டினார்.

பாய்லருக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று வெளியே தெரிய ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. அதைக் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது. ஷிப்டுக்கு ஒருதரம் அடிக்குழாயைத் திறந்து கண்ணாடியைக் காலி பண்ணி மூட வேண்டும். மூடினதும் தண்ணீர் சட்டென்று ஏறி வந்தால் கண்ணாடி உண்மை சொல்கிறது. மெதுவாக வந்தால் வழியில் அடைப்பு. அப்போது கண்ணாடியில் பாதி தெரியும், உள்ளே வறண்டு குழாய் சிவந்துகொண்டிருக்கும். வெடித்தால் ஆலையே மிஞ்சாது. கட்டம் அடைத்தாலும் அடைப்பாரே தவிர, இந்தச் சோதனையைப் பாய்லர்காரர் ஒரு நாளும் விட்டதில்லை.

"தொறந்து மூடினேன். சட்டுன்னு ஏறி வரல, மெதுவா ஊறித்தான் வந்துச்சு" என்றார். "உள்ள தண்ணி இல்லீங்க. கண்ணாடி பொய் சொல்லுது."

சூப்பர்வைசர் வண்டிக்காரர்களுக்குப் பதில் சொல்லப் போனார். பாய்லர்காரர் எழுந்திருக்கவில்லை. என் கையைப் பிடித்தார். அவர் கை சில்லென்று இருந்தது, அந்தச் சூட்டிலும்.

"தம்பி, பாப்பா தாள நான்தான் அடைச்சேன்."

எனக்கு முதலில் புரியவில்லை.

"அந்தம்மா எதப் பாத்து ரெண்டு வாரம்னாங்க? நான் எழுதினதப் பாத்து. அவங்களுக்குக் கண்ணாடி அது ஒண்ணுதான். அதப் போயி... என் புள்ள உள்ள வறண்டு கெடக்குது தம்பி. நான் ஆறு, அஞ்சுன்னு எழுதிட்டு டீ வாங்கிக் குடுத்திருக்கேன்."

அப்படியே கல்லூரிக்குக் கிளம்பினார். உடுப்பு மாற்றவில்லை, முகத்துக் கரியைக்கூடத் துடைக்கவில்லை. தனியாக விட மனசில்லாமல் நானும் போனேன். அந்த அம்மாள் அறைக்கு வெளியே ஒரு மாணவன் காத்திருந்தான். எங்களைப் பார்த்து எழுந்து இடம் கொடுத்தான். உள்ளே ஒரு பெண் பேசி முடித்து வரும்வரை உட்கார்ந்திருந்தோம்.

அந்த அம்மாளுக்கு நாற்பது வயது இருக்கும். சாதாரணப் பருத்தி உடை, குதிகால் தேய்ந்த செருப்பு. எங்கள் ஆலை வாசலில் நின்றால் வேலை கேட்டு வந்தவர் என்றுதான் நினைப்போம். பாய்லர்காரர் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். பென்சில், எண், கையெழுத்து, ஒன்றையும் விடவில்லை. அந்த அம்மாள் நடுவில் ஒருதரம்கூடக் குறுக்கே பேசவில்லை.

"உங்க பொண்ணு இங்க என்ன பேசறாங்கன்னு அவங்களக் கேக்காம உங்ககிட்ட நான் சொல்ல முடியாது" என்றார் கடைசியில். "ஆனா நீங்க சொல்றத நான் கேக்கலாம். கேட்டுட்டேன். என் பேரிலயும் தப்பு இருக்கு. ஒரே வாரத்துல ஆறு வந்ததும் நான் இன்னும் ரெண்டு கேள்வி கேட்டிருக்கணும்."

"நீங்க திட்டுவீங்கன்னு நெனச்சேன்."

"திட்டி என்ன ஆகப்போகுது. இத எங்கிட்ட சொன்ன மாதிரியே அவங்ககிட்ட சொல்லுங்க. இன்னைக்கே. நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு அவங்களக் கூட்டிட்டு வாங்க, நான் வேற யாருக்கும் நேரம் குடுக்கல. அதுக்குள்ள பயமா இருந்தா நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க, எனக்கும் கூப்பிடுங்க." தன் எண்ணை எழுதிக் கொடுத்தார். பிறகு, "ஒண்ணு மட்டும். அவங்க என்ன எண் சொன்னாலும் மாத்தச் சொல்லாதீங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பாய்லர்காரர் மகளுடைய அறைக் கதவைத் தட்டினார். நானும் அண்ணியும் கூடத்தில் நின்றோம். உள்ளே இருட்டாக இருந்தது. ஜன்னல் துணியை விலக்கினார். பாப்பா போர்வைக்குள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவர் தரையில் உட்கார்ந்தார்.

"பாப்பா, உன் தாள்ல அப்பா பொய் எழுதிட்டேன்."

"தெரியும்பா."

"தெரியுமா?"

"என் ஆறு அப்படி இருக்காது." சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். "பாத்ததும் கிழிக்கலாம்னுதான் எடுத்தேன். அப்புறம் பாத்தா, உங்களுக்கு நான் இப்படி இருந்தா நல்லா இருக்கும்போல இருந்துச்சு. சரி, அப்படியே இருந்துட்டுப் போறேன்னு குடுத்துட்டேன்."

அண்ணி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். இருபத்தாறு வருஷம் பாய்லர் முன்னால் நின்றவர், மகள் முன்னால் உட்கார்ந்து அழுதார். அழுது முடித்து மேஜைமேல் இருந்து ஒரு புதுத் தாளையும் பென்சிலையும் எடுத்தார்.

"நீ சொல்லு. சொல்றத மட்டும் எழுதறேன்."

சொன்னாள். நாங்கள் கேட்டுக்கொண்டே நின்றோம். திங்கள் ஒன்று, செவ்வாய் ஒன்று. கிளாஸ் ஐந்து, ஆறு. எழுதினார். "புதன் பூஜ்யம்." எழுதினார். "நேத்து..." என்று நிறுத்தினாள். "நேத்துக்குப் பூஜ்யம் போதாதுப்பா. அதுக்குக் கீழ எழுத எடம் இருக்கா?"

அவர் தாளைப் பார்த்தார். கட்டத்துக்குக் கீழே ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை இருந்தது. "இருக்கும்மா" என்றார். "இங்க எழுதறேன்." எழுதினார்.

அப்போது எனக்கு உண்டானதை எப்படிச் சொல்வது. பயந்தேன், அது உண்மை. பயத்துக்கு மேலே இன்னொன்று வந்தது. தன் உயிர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று ஒரு சின்னப் பெண் எண்ணிச் சொல்கிறாள். பெற்றவன் அதை மறுக்காமல், மாற்றாமல் எழுதி வாங்குகிறான். இதைவிடப் பெரிய காரியம் எதையும் நான் பார்த்ததில்லை. பேசினால் என்ன ஆகும் என்று கேட்டுச் சிரித்த ஆள்தான் நான்.

அன்று ராத்திரி அவர்கள் மூன்று பேரும் ஒரே அறையில் இருந்தார்கள். பரண், அலமாரியில் ஒளித்திருந்த பாட்டிலையெல்லாம் பாப்பாவே காட்டிக் காலி பண்ணினாள். காலையில் தாளோடு போனார்கள். வாரம் இரண்டு தடவை என்று ஆனது. ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரும் பார்த்தார். திடீரென்று குடியை நிறுத்தினால் உடம்புக்கு ஆபத்து என்று மாத்திரை கொடுத்துப் படிப்படியாக நிறுத்தினார்கள். நடுவில் ஒருதரம் பஸ்ஸில் ஏறிப் போய்க் குடித்துவிட்டு வந்தாள். அதையும் தாளில் எழுதினாள். பரீட்சையை அடுத்த பருவத்துக்குத் தள்ளி வைத்தார்கள். எண் இரண்டாகி, திரும்பவும் ஒன்றாகி, மூன்றைத் தொட்டது. மழை விட்டது. ஆலைக்கூரையில் பாசி காய்ந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் கீழே சாப்பிடப் போயிருந்தேன். பாப்பா சமையல்கட்டு மேஜையில் அந்த வாரத் தாளை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். அண்ணி உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டே, தையல் பகுதியில் ஒருத்தி தன் பாவாடையையே விரிப்போடு சேர்த்துத் தைத்துவிட்ட கதையைச் சொல்லி எங்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள். பாய்லர்காரருக்குச் சிரித்துப் புரை ஏறிவிட்டது.

பாப்பா பென்சிலை வைத்தாள். "உங்களுக்கெல்லாம் எத்தனை?" என்று கேட்டாள்.

"என்னது எத்தனை?"

"பத்துக்கு. இன்னைக்கு. அப்பா, நீங்க சொல்லுங்க."

பாய்லர்காரர் ஏழு என்று சொல்லப் போனார். வாய் திறந்ததை நானே பார்த்தேன். மூடிக்கொண்டார். "அஞ்சு" என்றார். "உன்னப் பாத்தா அஞ்சு. முன்னாடி ரெண்டுதான்."

"அம்மா?"

அண்ணி சீவிக்கொண்டே இருந்தாள். தோல் நீளமாக, அறுபடாமல் இறங்கிக்கொண்டிருந்தது. "எனக்கென்ன, நான் எப்பவும்..." என்று சிரிப்போடு ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். கத்தி நின்றது.

"ரெண்டு" என்றாள்.

பாய்லர்காரர் மனைவியைப் புதிதாகப் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார்.

"எவ்ளோ நாளாம்மா?" என்று பாப்பா கேட்டாள்.

"ரொம்ப நாளாச்சு. நீ பள்ளிக்கூடம் போற காலத்துலேருந்தே. யாரும் கேட்டதில்ல, நானும் சொல்லல."

பாப்பா எழுந்தாள். அம்மா கையிலிருந்த கத்தியை வாங்கி மேஜைமேல் வைத்தாள். புதுத் தாள் ஒன்றை எடுத்து மேலே 'அம்மா' என்று எழுதினாள். நாற்காலியை அம்மாவுக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு, அந்தச் சின்ன அறையில் தன் எதிரே ஒருத்தர் எப்படிச் சும்மா உட்கார்ந்திருந்தாரோ, அப்படியே ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

அடுப்பில் தண்ணீர் கொதித்து வற்றியது. நான் போய் அணைத்தேன். அண்ணி பேச ஆரம்பித்திருந்தாள்.